கைவிடப்பட்ட குழந்தைகளும் மாண்டிசோரி அம்மையாரும்

மாண்டிசோரி என்னும் பெயரை இந்திய நகரங்களில் அறியாதார் இலர். மழலையர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் அச்சொல் இடம்பெற்றிருப்பதை நாள்தோறும் காண்கின்றோம். ஆயின், அஃது ஓர் அம்மையாரின் பெயர் என்பதையும், அவர் தொழிலால் மருத்துவர் என்பதையும், பள்ளிக்கூடங்கள் ஏற்க மறுத்த குழந்தைகளுக்காகவே அவர் கல்வித் துறையில் முதன்முதல் அடியெடுத்து வைத்தார் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது என்று இன்று பலரும் கருதும் அக்கல்வி முறை, உரோம் நகரத்து மனநோய்க் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளிடையே பிறந்ததாகும். அவ்வம்மையார் தம் முதுமையின் பல ஆண்டுகளை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழித்தவர். ஆதலின் அவருடைய வரலாற்றைத் தமிழர்களாகிய நாம், அதிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோராகிய நாம், அறிந்துகொள்வது நலம் பயக்கும்.

இளமையும் மருத்துவப் படிப்பும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலி நாட்டின் கீழைக் கடற்கரைப் பகுதியில் உள்ள கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க அலுவலர். பழைய மரபில் ஊறியவர். தாயார் ரெனில்டே நூல்கள் பயில்வதில் பெருவிருப்பம் கொண்டவர். ஒரே மகளாகிய மரியாவின் ஆசைகளுக்கு வாழ்நாள் முழுவதும் துணை நின்றவர் அத்தாயே. 1875இல் குடும்பம் தலைநகராகிய உரோமுக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் பெண்மக்கள் படித்தால் ஆசிரியர் ஆகலாம். அதற்குமேல் ஆசைப்படுதல் வழக்கமில்லை. மரியா ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதம் கற்றார். பொறியியலில் நாட்டம் கொண்டார். பின்னர் மருத்துவம் பயிலத் துணிந்தார். தந்தையார் இதனை விரும்பவில்லை. பல்கலைக்கழகத்தாரும் எளிதில் இடந்தரவில்லை. இடம் கிடைத்த பின்னரும் தொல்லை ஓயவில்லை. ஆண் மாணவர்களுடன் ஒருங்கே நின்று உடலை அறுத்து ஆராய்தல் பெண்ணுக்கு ஒவ்வாது என்று கருதப்பட்டமையால், மற்றவர்கள் போன பிறகு மாலை வேளையில் பிணவறையில் தனியே நின்று அவர் அப்பாடத்தைப் பயில வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் பொறுத்து 1896ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்கள் சிலருள் ஒருவர் ஆனார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய மகளிர் மாநாட்டில் தம் நாட்டின் சார்பாகக் கலந்துகொண்டு, ஒத்த உழைப்புக்கு ஒத்த ஊதியம் வேண்டும் என்று பேசினார்.

காப்பகத்தில் கண்ட காட்சி

பட்டம் பெற்ற பின் மரியா உரோம் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மனநோய் மருத்துவப் பிரிவில் துணை மருத்துவராகப் பணியாற்றினார். நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு நகரத்துக் காப்பகங்களுக்கு அவர் செல்வதுண்டு. அங்கே பித்துப் பிடித்த முதியவர்களோடு குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் சிலருக்கு அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது. சிலருக்குச் செவி கேளாது. சிலருக்குப் பேச்சு வாராது. சிலர் வலிப்பு நோய் உற்றவர்கள். இவர்களுக்கு எதுவும் கற்பிக்க இயலாது என்பதே அக்கால உலகத்தின் முடிவு. ஆதலின் உணவும் உடையும் கொடுத்து ஓர் அறையில் பூட்டி வைத்தனர்.

ஒரு காப்பகத்தில் அக்குழந்தைகளைக் காத்துவந்த பெண்மணி அவர்களைப் பற்றி மிகுந்த அருவருப்போடு பேசினாளாம். உண்டு முடித்தவுடன் தரையில் விழுந்து சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களைத் தவிர அங்கு ஒன்றுமே இல்லை. தொடுவதற்கு ஒரு பொருள் இல்லை. உருட்டுவதற்கு ஒரு பந்து இல்லை. குழந்தைகள் அத்துணுக்குகளை உண்பதற்காக மட்டும் எடுக்கவில்லை, விரல்களால் பிடித்து உருட்டித் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்பதை அவர் கண்டார். காப்பாளியின் கண்ணுக்கு இழிந்த பசியாகத் தோன்றியது, மருத்துவரின் கண்ணுக்குக் கைகளின் பசியாகவும் அறிவின் பசியாகவும் தோன்றியது. இவர்களுக்கு வேண்டுவது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேர்கொண்டது.

இரு முன்னோர்

எண்ணம் தோன்றினால் போதுமா? வழி வேண்டுமன்றோ? மரியா நூலகங்களில் தேடினார். பிரெஞ்சு நாட்டில் இத்துறையில் முயன்ற இருவரின் நூல்கள் அவருக்குக் கிட்டின.

ஒருவர் ழான் இதார் என்னும் மருத்துவர்; பாரிசு நகரத்துச் செவிகேளாதார் பள்ளியில் பணியாற்றியவர். 1800ஆம் ஆண்டளவில் ஆவெரோன் என்னும் பகுதியின் காடுகளில், மனிதர் உறவின்றி வளர்ந்த சிறுவன் ஒருவன் அகப்பட்டான். அவனுக்கு விக்டர் என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இதார் கற்பித்தார். வெப்பம், குளிர்ச்சி, ஒலி, வடிவம் என ஒவ்வொரு புலனையும் தனித்தனியே எழுப்ப முயன்றார். விக்டர் எழுதிய சொற்கள் சிலவற்றை அறியக் கற்றான். பேச்சு மட்டும் இறுதிவரை அவனுக்குக் கைகூடவில்லை. இதார் தாம் தோற்றதாகவே எண்ணினார். ஆயினும் அவர் எழுதி வைத்த குறிப்புகள் பின்வந்தோர்க்கு விளக்காயின.

மற்றவர் எதுவார் செகென். இதாரின் வழிவந்த இவர், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்றே பாரிசில் பள்ளி நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி அப்பணியைத் தொடர்ந்தார். தசையையும் புலன்களையும் முதலில் பயிற்றுக, அவற்றின் வழியே அறிவு எழும் என்பது அவர் கொள்கை. இவ்விருவர் நூல்களையும் மரியா முதலிலிருந்து முடிவுவரை இத்தாலிய மொழியில் தம் கையாலேயே பெயர்த்து எழுதினார். விரைந்து படித்தால் பொருள் நழுவிவிடும், எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எண்ணலாம் என்பது அவர் கருத்து.

இரண்டு ஆண்டுத் தவம்

1898இல் துரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டில் மரியா பேசினார். பிற்பட்ட குழந்தைகளைக் கைவிடுதல் சமூகத்தின் குற்றம் என்றும், அவர்களுக்கெனத் தனிப் பயிற்சியும் தனி ஆசிரியர்களும் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். அப்பேச்சு நாடெங்கும் பரவியது. 1900ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று உரோமில் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர்களாக மரியாவும், உடன் பணியாற்றிய மருத்துவர் மொந்தெசானோவும் அமர்ந்தனர்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மரியா காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை குழந்தைகளுடனேயே இருந்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்துவைத்தார். அவ்விரண்டு ஆண்டுகளே கல்வித் துறையில் தாம் பெற்ற உண்மையான பட்டம் என்று பிற்காலத்தில் அவர் கூறுவதுண்டு.

அங்கு நிகழ்ந்த ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவில்லை. கையில் வலிமை உண்டு. ஆயினும் ஊசியை நூலிழைகளின் மேலும் கீழும் மாறி மாறிச் செலுத்தும் அசைவு அவளுக்குப் பிடிபடவில்லை. எத்தனை முறை காட்டினும் பயனில்லை. மரியா ஊசியை வாங்கி வைத்துவிட்டு, காகிதக் கீற்றுகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய்போல் பின்னும் விளையாட்டை அவளுக்குக் கொடுத்தார். சிறுமி அதில் தேறினாள். பிறகு ஊசியைக் கொடுத்தபோது அவளால் தைக்க முடிந்தது. தையலைச் சொல்லிக்கொடுக்காமலே, தையலுக்கு வேண்டிய அசைவு கைக்கு வந்துவிட்டது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி வருத்துவதைவிட, அவ்வேலைக்குக் கையை ஆயத்தம் செய்தலே ஆசிரியரின் கடமை என்பதை மரியா இதனால் உணர்ந்தார்.

எழுத்தையும் அவ்வாறே ஆராய்ந்தார். எழுதுதல் என்பது ஒரு செயலன்று; இரண்டு செயல்களின் கூட்டு. எழுதுகோலைப் பிடித்து ஆளுதல் ஒன்று. எழுத்தின் வடிவத்தை அறிந்து வரைதல் மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கச் சொல்வதால்தான் குழந்தை திணறுகிறது. ஆதலின் அவற்றைப் பிரித்தார். மரத்தால் அழகிய எழுத்துகளைச் செய்வித்து, அவற்றின் மேல் குழந்தைகள் எழுதும் போக்கிலேயே விரலை ஓட்டும்படி செய்தார். கண் மறந்ததை விரல் நினைவில் வைத்தது.

பெயர்களைக் கற்பிப்பதற்குச் செகென் வகுத்த மூன்று படிகளை அவர் கைக்கொண்டார். சிவப்பு, நீலம் ஆகிய இரு நிறங்களைக் கற்பிப்பதாகக் கொள்வோம். முதற்படியில் ஆசிரியர் ஒவ்வொரு நிறத்தையும் காட்டி அதன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்வார். இரண்டாம் படியில், பெயரைச் சொல்லி அந்த நிறத்தை எடுத்துத் தரும்படி கேட்பார். மூன்றாம் படியில் நிறத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லச் செய்வார். இரண்டாம் படியில் குழந்தை தவறினால் கடிந்துகொள்ளுதல் கூடாது. தவறு என்று சொல்லுதலும் கூடாது. அன்றைய பாடத்தை அம்மட்டில் நிறுத்தி, மற்றொரு நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் வகுப்பறைகளிலோ முதற்படி முடிந்ததும் மூன்றாம் படிக்குத் தாவிவிடுகின்றோம். நடுப்படி இல்லாத ஏணியில் ஏற இயலாத குழந்தையை மந்தம் என்கின்றோம்.

இம்முயற்சி வீண்போகவில்லை. காப்பகத்திலிருந்து வந்த குழந்தைகள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றனர். ஏனைய குழந்தைகளுடன் அரசினர் பள்ளித் தேர்வு எழுதித் தேறினர். கண்டோர் இதனைப் பெரும் விந்தை என்று கொண்டாடினர். மரியாவுக்கோ வேறு கவலை பிறந்தது. குறையுற்ற குழந்தைகள் நலமுள்ள குழந்தைகளை எட்டிப் பிடித்தார்கள் என்றால், அந்த நலமுள்ள குழந்தைகளை இவ்வளவு தாழ்வான நிலையில் பிடித்து வைத்திருப்பது எது என்று அவர் எண்ணலானார்.

அவ்வெற்றிக் காலத்திலேயே அவர் உள்ளத்தை வாட்டிய ஒரு துயரமும் உண்டு. மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மரியோ என்னும் ஆண் மகவு பிறந்தது. திருமணம் நிகழவில்லை. அக்காலச் சமூகத்தின் பழிக்கு அஞ்சி, குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டது. மொந்தெசானோ 1901இல் வேறொருவரை மணந்தார். மரியா அப்பள்ளியை விட்டு விலகினார். ஊரார் குழந்தைகளுக்குத் தாயாக நின்றவர், தம் குழந்தையைத் தம்முடையது என்று சொல்ல இயலாமல் பல்லாண்டுகள் வாழ்ந்தார். தம் தாயார் 1912இல் இறந்த பின்னரே, பதினைந்து வயதை எட்டிய மரியோ அவருடன் வந்து சேர்ந்தார். அதன்பின் அன்னையின் பணிக்கு இறுதிவரை வலக்கையாக விளங்கியவர் அம்மகனே.

சான் லொரென்சோவில் ஒரு வீடு

பள்ளியை விட்டு விலகிய மரியா மீண்டும் மாணவியாகப் பல்கலைக்கழகம் புகுந்து மெய்யியலும் உளவியலும் பயின்றார். 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், உரோமில் ஏழைத் தொழிலாளர் நிறைந்த சான் லொரென்சோ என்னும் பகுதியில், குழந்தைகள் இல்லம் அவருடைய பொறுப்பில் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் வீட்டில் தனித்து நின்று, சுவர்களைக் கிறுக்கியும் கெடுத்தும் திரிந்த மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்காக, குடியிருப்பின் உரிமையாளர்கள் அமைத்த இடம் அது.

காப்பகக் குழந்தைகளுக்காகச் செய்த கருவிகளை மரியா இங்குக் கொணர்ந்தார். இளஞ்சிவப்பு நிறக் கனசதுரக் கட்டைகள் பத்து. நிறத்தில் ஒன்று, வடிவத்தில் ஒன்று. அளவு மட்டும் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்துச் சென்டிமீட்டர் வரை வேறுபடும். ஒரு நேரத்தில் ஒரு வேறுபாட்டை மட்டுமே குழந்தையின் முன் வைத்தல் அவர் முறை. குழிகளில் பொருந்தும் உருளைக் கட்டைகள் மற்றொரு கருவி. ஒன்றை இடம் மாற்றிப் பொருத்திவிட்டால் இறுதியில் ஓர் உருளை நுழைய மறுக்கும். தவறு நிகழ்ந்ததை ஆசிரியர் சொல்வதில்லை, மரக்கட்டையே சொல்லிவிடுகிறது. பலர் முன்னிலையில் தவறு என்று கேட்டுக் கேட்டுக் கூசிப்போன குழந்தைக்கு இஃது எத்துணை ஆறுதல்! அங்கே யாரும் நகையாடுவதில்லை. திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அதன் கையிலேயே இருக்கிறது. சொரசொரப்பும் வழுவழுப்பும் அறியப் பலகைகள், எடை அறியச் சிறு வில்லைகள், ஒலி அறியப் பெட்டிகள், கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி அறியத் துணித் துண்டுகள் எனப் பலவும் இருந்தன.

மர எழுத்துகள் மீண்டும் செய்விக்கப் பொருள் போதவில்லை. ஆதலின் மரியா உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி வழுவழுப்பான அட்டைகளில் ஒட்டினார். வறுமையால் வந்த இம்மாற்றமே பெரும் பேறாயிற்று. உப்புத்தாளின் சொரசொரப்பு, விரல் எழுத்தை விட்டு விலகியவுடனே அதனை உணர்த்திவிட்டது. குழந்தை எழுத்தைக் கண்டது, விரலால் தொடர்ந்தது, அதன் ஒலியை வாயால் சொல்லிச் செவியால் கேட்டது. ஒரு வாயில் அடைபட்டிருந்தாலும் மற்றொரு வாயில் வழியாக எழுத்து உள்ளே புகுந்தது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் பாட்டனாரும் இவ்வின்பத்தை அறிந்தவரே.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வெயில் இனிதாக எறித்த ஒரு நாள், மரியா குழந்தைகளுடன் மொட்டைமாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அருகில் இருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான், மரியா பாராட்டினார். சிறுவன் ஒரு கணம் நின்றான், முகம் மலர்ந்தது. தனக்கு எழுத வந்துவிட்டது என்று கூவிக்கொண்டே மண்டியிட்டு, கை என்னும் சொல்லை எழுதினான். புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். அதுவரை எவரும் அவனுக்கு எழுதக் கற்பிக்கவில்லை. மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டு எழுதத் தொடங்கினர். அடுத்த சில நாட்களில் சுவரும் கதவும் தரையும் எழுத்தாயின.

இங்கு அம்மையார் கண்ட வேறுபாடு ஒன்றையும் கூறுதல் வேண்டும். கருவிகள் ஒன்றே, ஆயின் பிற்பட்ட குழந்தைக்கு அவை ஆசிரியர் கற்பிப்பதற்குத் துணையாயின, ஏனைய குழந்தைக்கோ தானே கற்பதற்குத் தூண்டுகோலாயின. ஆதலின் முன்னவர்க்கு ஆசிரியரின் அருகிருப்பும் ஊக்கமும் கூடுதலாக வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. கருவியை வாங்கி வைத்தால் போதும், பிள்ளை தேறிவிடும் என்று அவர் எங்கும் சொன்னதில்லை.

புகழும் இடரும்

1909இல் அவர் தம் முறையை விளக்கி நூல் எழுதினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா சென்றபோது பெருங்கூட்டங்கள் அவரை வரவேற்றன. 1929இல் அனைத்துலக மாண்டிசோரி சங்கம் நிறுவப்பட்டது. 1931இல் வட்டமேசை மாநாட்டின் பொருட்டு இலண்டன் சென்ற காந்தியடிகள், அம்மையாரைக் கண்டு, அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடையே உரையாற்றினார். இரவீந்திரநாத தாகூரும் அம்முறையைப் போற்றியவர்.

அம்மையார் குற்றமே இல்லாதவர் என்று புனைந்துரைக்க வேண்டுவதில்லை. இத்தாலியில் முசோலினியின் ஆட்சி 1920களில் அவர் பள்ளிகளுக்கு அளித்த ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டார். பள்ளிகளைத் தன் கட்சியின் கருவியாக்க அவ்வாட்சி முயன்றபோது முரண்பாடு முற்றியது; 1934இல் அவருடைய பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. அவர் வாழ்ந்துவந்த இசுப்பெயினில் 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் அங்கிருந்தும் வெளியேறி ஆலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார். குழந்தைகளின் அறிவைக் குறித்து அவர் தம் காலத்து மருத்துவ நூல்களின்படி வழங்கிய சொற்கள் சிலவற்றை இன்று நாம் வழங்குவதில்லை; வழங்கவும் கூடாது.

அடையாறும் கொடைக்கானலும்

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அறுபத்தொன்பது வயதினராகிய அம்மையார், பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் அவர் நடத்திய பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய முந்நூறு பேர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ உடனுக்குடன் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார்.

சில திங்கள் தங்கித் திரும்புவதாகவே எண்ணி வந்தனர். 1940 சூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசுக்கு இத்தாலியர் பகைவராயினர். மரியோ அகமதுநகர் முகாமில் சிறைவைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லையை விட்டு வெளியேறலாகாது என்று கட்டளை பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று அரசப் பிரதிநிதி மரியோவை விடுவித்து, பிறந்தநாள் பரிசாக அன்னையிடம் சேர்ப்பித்தார். அவ்வாணையில் மரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தது என்பர். நாற்பது ஆண்டுகள் ஊரறியச் சொல்ல இயலாதிருந்த உறவு, அயல்நாட்டில், பகைவராய் நின்ற அரசின் ஆணையால் வெளிப்பட்டது!

1942 முதல் 1944 வரை அம்மையார் கொடைக்கானலில் வாழ்ந்தார். போர்க் காலத்தில் அங்குத் தங்கியிருந்த பல நாட்டுக் குழந்தைகளும் நம் நாட்டுக் குழந்தைகளும் சேர்ந்து பயிலும் சிறு பள்ளி அமைந்தது. இலங்கையைச் சேர்ந்த இலேனா விக்கிரமரத்தினா என்னும் ஆசிரியை அதில் உடன் உழைத்தார். மலைச்சரிவின் செடி கொடிகளும் பூச்சிகளும் நீரோடைகளுமே பாடப்பொருளாயின. ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கான கல்வியை, உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தது என்னும் கருத்தின் மேல் அம்மையார் விரித்து அமைத்தது அங்கேதான். போர் முடிந்தபின் 1946இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்தார். குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1949இல் சென்னை அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. அவ்வாண்டில் இந்தியாவிடம் விடைபெற்றார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஆலந்தின் நோர்துவைக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தோராம் வயதில் மறைந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஒருகாலத்தில் அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி, 1990இல் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது.

நம் இல்லங்களில்

அம்மையாரின் பெயர் நிலைத்தது. அப்பெயருக்குக் காரணமான குழந்தையை நாம் மறந்துவிட்டோம். அவருடைய கருவிகள் யாருக்காக முதலில் ஆக்கப்பட்டனவோ, அத்தகைய குழந்தைக்கு அவர் பெயர் பொறித்த பள்ளியிலேயே இடம் மறுக்கப்படுமானால், அதனினும் பெரிய முரண் வேறு உண்டோ?

பிறமொழி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி ஒருபடி மிகுதியாகவே பொருந்தும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் அம்மாநில மொழியும் இந்தியும், வீட்டில் தமிழுமாக மூன்று நான்கு வரிவடிவங்களை இளமையிலேயே எதிர்கொள்கின்றனர். பெரும்பாலோர் அதனை எளிதில் கடந்துவிடுகின்றனர். சிலர் கடப்பதில்லை. அவர்கள் எழுத்தை இடம் மாற்றி எழுதுவர். படித்த வரியையே மீண்டும் படிப்பர். வாயால் தெளிவாகச் சொல்வதைத் தாளில் எழுத இயலாது தவிப்பர். பல மொழி கற்பதால் வந்த குழப்பம் என்று சிலர் தள்ளிவிடுகின்றனர். சோம்பல் என்று சிலர் அடிக்கின்றனர். உண்மையில் அக்குழந்தைக்குக் கண் பார்வையிலோ செவிப்புலனிலோ குறை இருக்கலாம். முதலில் அதனைச் சோதித்தல் வேண்டும். அவை நலமாக இருந்தும் எழுத்தில் மட்டும் இடர்ப்பாடு நீங்காதிருந்தால், டிசுலெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். இஃது அறிவின் குறைவன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக 2016இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் உள்ள 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய உதவிகளைத் தேர்வு வாரியங்கள் பலவும் அளிக்கின்றன. உரிய மருத்துவரிடமும் உளவியலாரிடமும் காட்டிச் சான்று பெறுவதில் வெட்கப்படத்தக்கது ஒன்றுமில்லை.

நம் சங்கங்கள் பலவும் வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. ஆண்டு விழாவில் பரிசு பெறும் பிள்ளைகளை நாம் அறிவோம். இரண்டு வாரம் வந்து, எழுத்து வராமல் நாணி, மூன்றாம் வாரம் நின்றுவிட்ட பிள்ளையின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பிள்ளையை மீண்டும் அழைத்துவருதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஓர் அட்டையும் ஒரு முழம் உப்புத்தாளும் எந்தக் கடையிலும் கிடைக்கும். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் வெட்டி ஒட்ட ஒரு மாலைப் பொழுது போதும். அதன்பின் வேண்டுவது, அப்பிள்ளையின் அருகே அமர்ந்து, விரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டி, தவறினால் வையாமல் மறுவாரம் மீண்டும் தொடங்கும் ஒருவர். அந்த ஒருவர் நம் சங்கத்தில் இல்லாமல் இரார்.